ஊரில் முடிந்த மணம், சட்டத்தில் முடியாத மணம்: தலித் பெண்களின் மணமுறிவும் வாழ்வாதாரமும்

மணமுறிவு பெருகிவருகிறது என்னும் பேச்சு ஊடகங்களில் அடிக்கடி எழுகிறது. குடும்பநல நீதிமன்றங்களில் குவியும் மனுக்கள், தகவல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரியும் இணையர், பெண்களின் படிப்பும் சம்பளமும், குறைந்துபோன பொறுமை என்று அந்த விவாதம் ஒரே தடத்தில் ஓடி முடிகிறது. நீதிமன்றத்துக்கு வந்த முறிவு மட்டுமே அங்கே முறிவாகக் கொள்ளப்படுகிறது. செங்கல் சூளையிலும் சித்தாள் வேலையிலும் தூய்மைப் பணியிலும் காலம் கழிக்கும் பெண்ணோ, கணவன் விட்டுச் சென்று பத்தாண்டு ஆனபின்னும், சட்டத்தின் கண்ணில் இன்னும் அவனுடைய மனைவிதான். அவளைக் குறித்தே இக்கட்டுரை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமுறிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர். மணமுறிவு பெறாமலே பிரிந்து வாழ்பவர்கள் ஏறத்தாழ 35 லட்சம் பேர். இரண்டு பிரிவிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆண் மறுமணம் செய்துகொண்டு ‘மணமானவர்’ என்னும் கணக்குக்குத் திரும்பிவிடுகிறான். பெண் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். முறிவின் போக்கைப் பேச விரும்புவோர் முதலில் பேசவேண்டியது அந்த 35 லட்சத்தைத்தான். ஏழைகளிடத்தில், குறிப்பாகத் தலித் குடியிருப்புகளில், மணம் முறிவது நீதிமன்றத் தீர்ப்பாணையால் அன்று. ஊர்ப் பெரியவர்களின் வாய்ச்சொல்லாலும் ஒரு முத்திரைத்தாளாலும்தான். அந்தத் தாளுக்குச் சட்டம் என்ன மதிப்பளிக்கிறது என்பது கூலி, கடன், வீடு, குழந்தையின் படிப்பு என அனைத்தையும் தொடும் கேள்வி.

இழிவாகச் சொல்லப்பட்ட உரிமை

‘அறுத்துக் கட்டும் சாதி’ என்பது தமிழ்ச் சமூகத்தில் வசைச்சொல்லாகப் புழங்கிய தொடர். தாலியை அறுத்துவிட்டு இன்னொருவரை மணந்துகொள்ளும் வழக்கம் உடையவர்கள் என்பதே அதன் பொருள். மணமுறிவும் மறுமணமும் இல்லாதிருப்பதே உயர்வு என்று பார்ப்பனியம் வகுத்த அளவுகோல்தான் இந்தச் சொல்லை வசையாக்கியது. உண்மையில் தமிழகத்தின் பெரும்பான்மைச் சாதிகளிடம் இவ்வழக்கம் இருந்தது. கள்ளர் சமூகத்தில் ஊரார் முன்னிலையில் துரும்பைக் கொடுத்து உறவை முறித்ததை 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. ‘தீர்த்துவிடுதல்’, ‘அத்துவிடுதல்’ என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர்தான் மாறியது.

இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா மீதான விவாதத்தில் அண்ணல் அம்பேத்கர் இதையே வாதமாக வைத்தார். மணவிலக்கு இந்து மரபுக்கு எதிரானது என்று கூச்சலிட்டவர்களிடம், சூத்திரரும் தீண்டப்படாதோரும் சேர்ந்தால் இந்துக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆவர், அவர்களிடம் மணவிலக்கு வழக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். பத்துப் பேரின் வழக்கத்தைத் தொண்ணூறு பேர் மீது ஏன் சுமத்தவேண்டும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. மசோதா முடக்கப்பட்டது, 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். பின்னர் அது துண்டு துண்டாக நிறைவேறியபோது, 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் அந்தத் தொண்ணூறு பேரின் உரிமை 29ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவாக ஒடுங்கியது. வழக்காற்றின்படி மணவிலக்குப் பெறும் உரிமையை இச்சட்டம் பாதிக்காது என்கிறது அந்த உட்பிரிவு.

ஏட்டில் இருக்கும் அந்த உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது எளிதன்று. வழக்காறு என்றால் அது நெடுங்காலமாக, இடைவிடாமல், ஒரே சீராகப் பின்பற்றப்பட்டிருக்கவேண்டும். பொதுநலனுக்கு முரணாக இருக்கக்கூடாது. அதைத் தனியாக எடுத்துரைத்து மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைக் கோருபவருடையது என்று 2002இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட சமூகத்திடம் எழுத்துச் சான்று கேட்டால் என்ன கிடைக்கும்? இரண்டு முதியவர்களைக் கூண்டில் ஏற்றி, “எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே இப்படித்தான்” என்று சொல்லவைக்கலாம். குறுக்கு விசாரணையில், எந்த ஆண்டு, யாருக்கு, எத்தனை முறை என்று கேட்டால் அந்தச் சாட்சியம் தடுமாறும்.

பழைய வழக்கத்தைப் பொற்காலமாக்கும் நோக்கம் நமக்கில்லை. ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். பெண் தானாகப் பிரிய விரும்பினால் பரிசத்தைத் திருப்பித் தரவேண்டும், பிள்ளையை விட்டுச் செல்லவேண்டும் என்ற நிபந்தனைகள் பல இடங்களில் விதிக்கப்பட்டன. ஆனால் அங்கே மணம் முடிந்ததென்றால் முடிந்தது. இன்று ஊர் முடித்துவைப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. சட்டம் முடித்துவைக்கும் இடத்துக்குப் பெண்ணால் போய்ச்சேர முடிவதில்லை.

முத்திரைத்தாளில் எழுதப்படுவது

இன்றைய முறிவுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் எழுதப்படுகின்றன: ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணை, நோட்டரி வழக்கறிஞரின் மேசை, அனைத்து மகளிர் காவல் நிலையம். 1992இல் சென்னையில் தொடங்கப்பட்ட மகளிர் காவல் நிலையங்கள் பெண்களுக்குப் புகார் அளிக்க ஓர் இடம் தந்தன என்பதை மறுக்கமுடியாது. ஆயினும் வழக்குப் பதியாமல் இரு தரப்பையும் அழைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பும் பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. நோட்டரிகள் திருமண, மணவிலக்குப் பத்திரங்களை எழுதித்தரக் கூடாது என்று ஒன்றிய சட்ட அமைச்சகம் 2024இல் எச்சரித்த பின்னும் அந்தத் தொழில் தளர்ந்ததாகத் தெரியவில்லை.

அந்தத் தாள்களின் வாசகம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், சீர்வரிசைப் பொருட்களைப் பெற்றுக்கொண்டேன், இனி சீவனாம்சம் கோரமாட்டேன், ஒருவர் வாழ்வில் மற்றவர் தலையிடமாட்டோம். நான்கு வரிகள், நான்கிலும் பெண்ணுக்குக் கண்ணி இருக்கிறது.

முதலாவதாக, இத்தாளால் மணம் முறிவதில்லை. வழக்காற்றை மெய்ப்பித்தாலன்றி இருவரும் சட்டப்படி கணவன் மனைவியே. அவள் மறுமணம் செய்தால் அது செல்லாத மணம் ஆகலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்கீழ் இருதார மணக் குற்றமென்றும் புகார் கிளம்பலாம். இரண்டாவதாக, சீவனாம்சம் கோரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தது அவளைக் கட்டுப்படுத்தாது. சட்டம் தரும் பராமரிப்பு உரிமையை ஒப்பந்தத்தால் துறக்கமுடியாது என்று உயர்நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. இதை அறியாமல் நீதிமன்றத்துக்கே வராமல் போனவர்கள் மிகப் பலர்.

மூன்றாவது கண்ணிதான் ஆபத்தானது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. அதன் 4ஆம் உட்பிரிவின்படி, கணவனும் மனைவியும் பரஸ்பரச் சம்மதத்துடன் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குப் பராமரிப்புத் தொகை கிடையாது. மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்யாத பெண்ணோ ‘மனைவி’ என்னும் வரையறைக்குள் வந்து தொகை பெறுவாள். ஆக, ‘மனமொத்துப் பிரிகிறோம்’ என்ற அந்த ஒரு சொற்றொடர் அவளை மணவிலக்குப் பெற்றவளாகவும் ஆக்குவதில்லை, பராமரிப்புக்கு உரியவளாகவும் விடுவதில்லை. அடித்து விரட்டப்பட்ட பெண், “சண்டை சச்சரவு வேண்டாம்” என்று சொல்லப்பட்டு இந்த வாசகத்தின் கீழ் கைநாட்டு வைக்கிறாள். எழுதத்தான் வேண்டுமென்றால், பிரிந்ததற்கான காரணத்தை எழுதச்சொல்லுங்கள்: குடி, அடி, கைவிடல், வேறு பெண்ணுடன் வாழ்க்கை. களத்தில் இருக்கும் தோழர்கள் அந்த இடத்தில் உடனிருந்து செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணி இதுவே.

ஒரு நற்செய்தியும் உண்டு. முதல் கணவனிடமிருந்து நீதிமன்றத்தின் வழியே அல்லாமல் ஒப்பந்தப் பத்திரத்தின் வழியே பிரிந்து, இரண்டாவதாக மணந்த பெண்ணின் வழக்கில் 2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் மணம் சட்டப்படி கலையவில்லை என்பதை அறிந்தே அவளை மணந்த இரண்டாம் கணவன், அதையே காரணம் காட்டிப் பராமரிப்புத் தொகையை மறுக்கமுடியாது என்றது அத்தீர்ப்பு. தெலங்கானாவிலிருந்து சென்ற அந்த வழக்கு, முத்திரைத்தாளோடு வாழும் நம் ஊர்ப் பெண்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் இதைத் தவறாமல் எடுத்துவைக்கவேண்டும்.

கூலிக்காரனின் வருமானத்தை எப்படி மெய்ப்பிப்பது

125ஆம் பிரிவில் தொகைக்கு 500 ரூபாய் என்று இருந்த உச்சவரம்பு 2001இல் நீக்கப்பட்டது. கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காட்டை வாழ்க்கைப்படிக்கு ஏற்ற அளவாகக் கொள்ளலாம் என்ற கருத்து 2017இல் உச்சநீதிமன்றத்திலிருந்து வந்தது. சம்பளச் சீட்டு உள்ளவனுக்கு அது பொருந்தும். மேஸ்திரிக்கும் சுமை தூக்குபவருக்கும் சீட்டு ஏது?

2020 நவம்பரில் ‘ரஜ்னேஷ் எதிர் நேகா’ வழக்கில் வந்த வழிகாட்டுதல்கள் பெரிதும் கொண்டாடப்படுகின்றன. இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும்; மனு போட்ட நாளிலிருந்தே தொகை வழங்கப்படவேண்டும். இரண்டாவது விதி நமக்குப் பேருதவி. முதலாவதைப் பொறுத்தவரை, அதே தீர்ப்பு வறுமைக்கோட்டின் கீழுள்ளவர்களுக்கும் அன்றாடக் கூலித் தொழிலாளர்களுக்கும் அந்த உறுதிமொழிப் பத்திரத்திலிருந்து விலக்களிக்கிறது. ஏழைக்குச் சுமை கூடாதென்ற நல்லெண்ணத்தில் தரப்பட்ட விலக்குதான். ஆனால் எதிரே நிற்பவளும் ஏழை. உண்மையை வெளிக்கொணரும் கருவி அவள் கையிலிருந்து போய்விடுகிறது. “எனக்கு வேலையே இல்லை” என்று கணவன் சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே தேங்குகிறது.

அப்போது நாம் கையாளக்கூடியவை சில உண்டு. உடல்வலுவுள்ள கணவன் உழைத்தேனும் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று 2022இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. அவன் செய்யும் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதிய அரசாணை, கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, இருசக்கர வாகனத் தவணை, கைப்பேசிக் கடன் ரசீது, கூகுள் பே பரிமாற்றம் ஆகிய எல்லாமே வருமானத்தின் அடையாளங்கள். மாதம் 4,000 ரூபாய் வாகனத் தவணை கட்டுபவனுக்கு வருமானமில்லை என்று எந்த நீதிபதியும் எளிதில் நம்பமாட்டார்.

தொகை ஆணையான பிறகு அதை வாங்குவது தனிப் போராட்டம். நிலுவைத் தொகை உரியதான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போடவேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு தெரியாமல் மூன்றாண்டு காத்திருந்து வருவோருக்குப் பழைய நிலுவையில் பெரும்பகுதி கைநழுவிப் போகிறது. தரத் தவறும் கணவனைச் சிறைக்கு அனுப்பலாம். சிறை சென்றதால் கடன் தீர்ந்துவிடாது என்று 1988லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனினும் வாய்தாவின் விலையை யாரும் கணக்கிடுவதில்லை. நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி பெறும் ஒருத்தி மாதம் இருமுறை நீதிமன்றம் வந்தால் 800 ரூபாய் கூலி போயிற்று. சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் புறநகர்ப் பேருந்தில் அந்தச் சலுகை இல்லை. கேட்பது மாதம் 3,000 ரூபாய் என்றால், நான்கில் ஒரு பங்குக்கு மேல் அதைக் கேட்பதற்கே செலவாகிறது.

கடன் அவளுக்கு, வீடு அவனுக்கு

நுண்கடன் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகள் ‘குடும்பம்’ என்பதைக் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் என்று வரையறுத்து, அக்குடும்பத்தின் கூட்டு வருமானத்தை வைத்தே கடனளவை நிர்ணயிக்கின்றன. மாதத் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பதும் விதி. கடன் கொடுக்கும்போது இருவரின் உழைப்பும் கணக்கில் வருகிறது, கையெழுத்து பெண்ணுடையது. அவன் வண்டி வாங்கவோ தங்கை திருமணத்துக்கோ எடுத்த கடனாயினும், அவன் வெளியேறிய மறுவாரம் குழுக்கூட்டத்தில் நிற்பவள் அவள். வருமானம் பாதியாகக் குறைந்துவிட்டது, தவணை குறையவில்லை. பிரிவை ஒரு காரணமாக ஏற்றுத் தவணையைத் திருத்தியமைக்கும் கடமை கடன் நிறுவனத்துக்கு விதிக்கப்படவில்லை. பராமரிப்பு மனுவில் இக்கடன்களைக் கடன் அட்டையின் நகலோடு செலவாகக் காட்டவேண்டும். பல மனுக்களில் வாடகையும் மருந்தும் இருக்கும், குழுக்கடன் இருக்காது. வெட்கம்தான் காரணம்.

சொத்தைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டத்தில் மணவாழ்வில் சேர்த்ததை இருவருக்கும் பங்கிடும் முறை கிடையாது. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே சொத்து. மனைவியின் நகையை விற்று ஓட்டுவீடு கட்டியிருந்தாலும் பத்திரம் கணவன் பெயரில் இருந்தால் அது அவனுடையது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் தருவது குடியிருக்கும் உரிமை, உடைமை அன்று. அந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அவளை வெளியேற்றத் தடையாணை கோரலாம் என்று 2020இல் உச்சநீதிமன்றம் விரித்துரைத்தது. இலவச வீட்டுமனைப் பட்டா பெண்ணின் பெயரிலேயே இருந்தால் நிலைமை மேல். அப்போதும், காலனி முழுக்கக் கணவனின் அண்ணன் தம்பியும் பங்காளிகளும் இருக்கும் இடத்தில் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக வாழ்வது எளிதா? அவள் பிறந்த வீட்டுக்குப் போகிறாள். பட்டா இங்கே, வாழ்க்கை அங்கே.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பிரிந்து வாழும் மனைவி, மணவிலக்குப் பெறாதவரை, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி கணவனின் முதல்நிலை வாரிசு. மணவிலக்கு ஆனால் அந்த உரிமை அற்றுப்போகும். கணவன் நகராட்சியில் நிரந்தரத் தூய்மைப் பணியாளராக இருந்தால், குடும்ப ஓய்வூதியமும் பணிக்கொடையும் இதில் அடங்கியிருக்கின்றன. மறுமண எண்ணம் இல்லாத பெண்ணுக்கு, மணவிலக்கைவிடப் பராமரிப்பு ஆணையும் குடியிருப்பு ஆணையுமே நலம் பயக்கும் சூழல்கள் பல. “விவாகரத்து வாங்கித் தாருங்கள்” என்று வருபவரிடம் இதை விளக்காமல் மனு தயாரிப்பது தொழில் அறம் ஆகாது என்பது எங்கள் கருத்து.

சான்றிதழ்களின் முன்னால்

கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான தமிழ்நாட்டு அரசின் ஓய்வூதியம், மாதம் ஆயிரத்தைச் சற்றே தாண்டிய தொகை. அதைப் பெற முப்பது வயது ஆகியிருக்கவேண்டும். சட்டப்படி மணவிலக்குப் பெற்றிருக்கவேண்டும், அல்லது கைவிடப்பட்டு ஐந்தாண்டு கடந்திருக்கவேண்டும், அல்லது நீதிமன்றத்தில் பிரிவுக்கான சான்று பெற்றிருக்கவேண்டும். இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையோடு விடப்பட்டவள் ஏழாண்டு காத்திருக்கவேண்டும் என்று பொருள். வருவாய்த்துறை வழங்கும் ‘கணவரால் கைவிடப்பட்ட பெண்’ சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மற்ற பலவற்றுக்கும் இதுவே திறவுகோல், ஆகவே முதலில் இதை வாங்குங்கள். குடும்ப அட்டையில் கணவனின் பெயரோடு அவள் பெயரும் ஒட்டிக்கிடக்கும்வரை, அரிசியிலிருந்து மகளிர் உரிமைத்தொகைவரை அனைத்தும் மாமியார் வீட்டுக் கணக்கில்தான் நிற்கும்.

பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் வருமானச் சான்றைக் கேட்டு அலைக்கழிப்பது வழக்கமாகிவிட்டது. தந்தை பொறுப்பெடுக்காத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளர் ஆவார் என்று எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999லேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. அலுவலர் மறுத்தால் இத்தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுத்துவடிவில் மறுப்பு கேளுங்கள். எழுதித்தரத் தயங்குவார்கள், வேலை நடக்கும்.

சாதி மறுப்புத் திருமணம் முறியும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. கணவன் ஆதிக்கச் சாதியினனாக இருந்து வீட்டுக்குள் சாதி சொல்லி இழிவுபடுத்தினால், பொதுமக்கள் பார்வையில் நிகழாதது என்ற காரணத்தால் வன்கொடுமைச் சட்டத்தில் சிக்கவைப்பது கடினம். நான்கு சுவருக்குள் நடந்தது அக்குற்றமாகாது என்று 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறுகிறது. ஆனால் அதே இழிசொல் மணவிலக்கு மனுவில் கொடுமையாகவும், குடும்ப வன்முறைச் சட்டத்தில் உணர்வுசார் வன்முறையாகவும் செல்லும். தாயிடம் வளரும் பிள்ளைக்குச் சாதிச் சான்று மறுக்கப்பட்டால், தந்தையின் சாதி தானாகவே பிள்ளைக்கு வந்துவிடாது, எந்தச் சூழலில் வளர்ந்தது என்பதையே பார்க்கவேண்டும் என்ற 2012ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு கைகொடுக்கும்.

தலித் கிறித்தவப் பெண்களின் நிலை வேறு வகை. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன், கணவனின் கொடுமை மட்டும் போதாது, அதோடு அவனது பிறன்மனைத் தொடர்பையும் மனைவி மெய்ப்பிக்கவேண்டியிருந்தது. அந்த அநீதி நீங்கிவிட்டது. ஆனால் தேவாலயத்தில் மணந்து, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் காரணமாகச் சான்றிதழில் இந்துவாக இருப்பவர் கிறித்தவ மணவிலக்குச் சட்டத்தின்கீழ் மனு போடும்போது, தம் மதத்தைப் பற்றிய உறுதிமொழியைத் தாமே எழுதவேண்டி வருகிறது. கிறித்தவராக வாழ்பவர் பட்டியல் சாதிச் சான்று கோரமுடியாது என்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பு வந்தபின் இந்த அச்சம் வெறும் அச்சமன்று. அரசுப் பணியிலுள்ள பெண்கள் பலர் இதனாலேயே முறிந்த மணத்தை முறிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இனி, ஊரில் ஏற்கெனவே தீர்த்துவிடப்பட்டு, கையில் பழைய தாளோடு இருப்பவர்கள் என்ன செய்யலாம்? 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒருவரின் மணநிலை இன்னதென்று அறிவிக்கக்கோரும் வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தை அந்நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. வழக்காற்றின்படி மணம் கலைந்துவிட்டது என்ற அறிவிப்பை அதில் கோரலாம். தாள், கூட்டத்தில் இருந்த இருவர், அதே ஊரில் அதே சமூகத்தில் இவ்வாறு பிரிந்து மறுமணம் செய்தவர்கள் சிலரின் சாட்சியம் ஆகியவை தேவை. பிந்தையவர்களைக் கண்டுபிடித்து அழைத்துவருவதே கடினம். மறுதரப்பும் ஒத்துழைத்தால், ஓராண்டுக்கு மேல் பிரிந்து வாழ்ந்ததைக் காட்டிப் பரஸ்பரச் சம்மத மணவிலக்குக் கோருவது விரைவான வழி. ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு விருப்புரிமை உண்டென 2017இல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழு பெரும்பாலும் அந்தந்த வட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. பராமரிப்பு மனுவை அவள் இப்போது வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம்; 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மணவிலக்கு மனுவையும் அவ்வாறே. செல்லும்போது குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, திருமணப் புகைப்படம், குழுக்கடன் அட்டை, அந்தப் பழைய முத்திரைத்தாள் ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். முத்திரைத்தாளின் மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.